ஸ்பிரிங் இருக்கோணும்

ஏனுங்க, பயந்துக்காதீங்க, ஆயுதமெல்லாம் இல்லீங்க இது. துண்டுல சுத்தி மடியில வெச்சிருக்கறதப் பாத்துட்டு காந்திபுரத்துல ஏறுனதுலருந்து நீங்களும் ஜன்னல் பக்கமா நவுந்து நவுந்து ஒக்காந்துட்டு வர்றீங்க. கண்டக்டர் தம்பி கூடக் கேட்டுப்போட்டான், 'என்னங்கண்ணா, நாட்டுத் துப்பாக்கியா'ன்னு. இந்தாங்க, பிரிச்சே காட்டறேன். கார் கியர் லிவருங்க. ஷிஃப்டர்னு சொல்லுவாங்க. ரேஸ் காருக்கு.

நானு ரேஸ் ஓட்டறவன் இல்லீங்க. இந்தத் தொப்பைய வெச்சுட்டு எங்கத்த ஓட்டறது! கணபதி ஏரியாவுல லேத்துப் பட்டறை. நாச்சிமுத்து பட்டறைன்னா அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஓட்டறவன் முன்னால இருக்கறான் பாருங்க, டிரைவருக்குப் பின்னால மூணாவது வரிசை. பச்சச் சேலை என்ற சம்சாரம், கலாமணி. அவ தோள் மேல சாஞ்சு கெடக்கறான் பாருங்க தொப்பி போட்டுட்டு, அவன் அவ தம்பி. லோகநாதன். லோகுன்னு கூப்புடுவோம். நானு அவன் பக்கத்துல ஒக்காரலாம்னுதான் பாத்தேன், அவ விடல. அவனுக்குத் தல நிக்க மாட்டேங்குதாம், தோள் குடுக்கோணுமாம். ராத்திரி ஒழுங்காத் தூங்குனாத்தானே தல நிக்கும். சொன்னாக் கேக்க மாட்டான்.

டிராக் ரேஸ் பாத்திருக்கீங்களா? இல்லீங்களா. வளைவு நெளிவெல்லாம் கெடையாதுங்க. நேர் ரோடு, கால் மைலு. ரெண்டு காரு பக்கத்துப் பக்கத்துல நிக்கும், பச்ச லைட்டு எரிஞ்சா விட்றது. நீங்க ஒரு கொட்டாவி விட்டு வாய மூடறதுக்குள்ள முடிஞ்சிரும். அதுக்கு வருசம் பூராவும் பட்டறையில கெடக்கோணும். எங்க காரு பழைய கான்டெஸா பாடி, உள்ள இருக்கறதெல்லாம் வேற. கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக்கு, வெளிநாட்டுச் சாமான். ஆட்டோமேட்டிக்னாலும் ரேஸ்ல அதுவா மாத்தறக்கு விடமாட்டோம். லிவரப் புடிச்சு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கையாலதான் தள்ளோணும். எங்க கிளாஸுக்கு ரூலும் அதான். கரண்டுல மாத்தறது, காத்துல மாத்தறது எல்லாம் கூடாது. டிரைவரு கை. கைதான் மாத்தோணும்.

போன ஆடில நடந்த ரேஸ் மீட்டுல ஆரம்பிச்சுதுங்க இந்தத் தொல்லை. ஒண்ணுலருந்து ரெண்டுக்குத் தள்ளறப்ப லோகு கியர விட்டுட்டான். இஞ்சின் கெடந்து கத்துது, காரு வேகம் எடுக்கல. அவன் அப்பிடி விடற ஆளில்லீங்க. எறங்கி வந்து ஹெல்மெட்டக் கூடக் கழட்டாம கையப் பாத்துட்டே நின்னான். 'என்ன மாப்ள'ன்னேன். 'கை வழுக்கிருச்சுங்க மச்சான்'னான். எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, லிவரு சரியில்லைன்னு.

சரி, வேற லிவரு போட்டாப் போச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். அங்கதானுங்க சிக்கலே. நெனச்ச லிவரப் போட முடியாது. ரூல் என்னன்னா, ஓட்டறவன் அவசரத்துல தள்ளற தள்ளுல லிவரு ரிவர்ஸுக்குப் போயிரக் கூடாது. அதுக்கு ஒரு தடுப்பு இருக்கோணும், அந்தத் தடுப்பு ஸ்பிரிங்ல நிக்கோணும். இந்தாங்க, கைப்பிடிக்குக் கீழ இருக்குது பாருங்க விசை. இத வெரல்ல மேல இழுத்துப் புடிச்சாத்தான் ரிவர்ஸ்ல விழும். விட்டா ஸ்பிரிங் பழையபடி மூடிக்கும். இன்னொண்ணு, நியூட்ரல்ல இருந்தாத்தான் வண்டி ஸ்டார்ட்டே ஆகோணும், அதுக்கொரு சுவிட்சு. ரெண்டும் இருந்தாத்தான் ஸ்டிக்கர் ஒட்டி உள்ள விடுவாங்க. நல்ல ரூலுங்க. ரூல நா கொற சொல்ல மாட்டேன். அத்தன வேகத்துல ரிவர்ஸ் விழுந்தா கியர்பாக்ஸ் செதறி ஓட்டறவன் காலே போயிரும்.

அதனால எல்லா ரூலும் சரியா இருக்கற லிவரு ஒண்ணு, கடையில பொட்டி பிரிக்காம வாங்கியாந்து மாட்டுனேன். ஐப்பசில அடுத்த மீட்டு. ரேஸுக்கு முன்னால பின் டயரத் தண்ணி மேல சுத்த விட்டுச் சூடேத்துவோம். பொகையா வரும், ஜனத்துக்கு அதுதான் புடிக்கும். அதுல காரு கோட்டத் தாண்டி முன்னால போயிரும். ரிவர்ஸ் போட்டுத் திரும்பக் கோட்டுக்கு வரோணும். லோகு வரல. நா முன்னால நின்னு ரெண்டு கையிலயும் 'வா வா'ங்கறேன். பக்கத்துக் காரு உறுமிட்டு நிக்குது. ஜனம் விசிலடிக்குது. இவன் ரெண்டு கையும் லிவரு மேல வெச்சுக் குனிஞ்சிருக்கறான். ஹெல்மெட்டு உச்சி மட்டும் தெரியுது எனக்கு. கடைசில நாங்க நாலஞ்சு பேரு தள்ளித்தான் வெளிய கொண்டாந்தோம். மைக்குல பேசறவன் நக்கல் வேற பண்ணிப்போட்டான். எனக்கு அங்கயே அவன் கழுத்தப் புடிக்கலாம்னு வந்துச்சுங்க.

ஸ்பிரிங் டைட்டுங்க. வேற என்ன? பட்டறைக்கு வந்து நா இழுத்துப் பாத்தேன், எனக்கு வந்துது. எனக்கு வரும். லேத்துக்காரன் கைய வெச்சுக் கணக்குப் போட முடியுமா? கலாமணியக் கூப்புட்டு இழுக்கச் சொன்னேன், அவளுக்கும் வந்துது. அவளும் மாவாட்டற கை. டீ கொண்டாந்த பையனுக்கும் வந்துது. அந்தக் கழுத வயசுக்கு எதத்தான் இழுக்க மாட்டான்! ஆக, ஸ்பிரிங்தான் டைட்டு.

கலாமணி அப்பருந்தே ஒரு மாதிரி ஆயிட்டாளுங்க. எதுக்கெடுத்தாலும் லோகுவையே பாத்துட்டு நிப்பா. அவன் சட்டைக்குப் பட்டன் போட முடியலைன்னு இவ போட்டு விடறா. ஏன் போட முடியல? இப்பத்த சட்டைக்கெல்லாம் பட்டன் ஓட்டை சிறுசு, எனக்குந்தான் போட முடியல. நடந்தா செருப்பு கால விட்டுக் கழண்டு போகுதுன்னா. பட்டறைத் தரை, எண்ணெ. எவனுக்குக் கழலாது? பேச்சு கொழகொழன்னு வருதுன்னு ஒரு நாள் அழுகறா. 'ஏம்மிணி, அவன் ஒன்னாட்டம் நாள் பூரா பேசறவனா? வாயே தொறக்காதவனுக்கு வாய் கொழகொழன்னுதான் வரும்'னேன். சிரிக்கறக்குத்தானுங்க சொன்னேன். அவ சிரிக்கல.

அவன் எங்க வூட்டுல வளந்தவனுங்க. எங்க கல்யாணத்தப்ப அவன் இத்துணூண்டு. அம்மா இல்லாத பையன்னு அவ கையப் புடிச்சுட்டே வந்துட்டான். ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் கேலி பேசுனாங்க, 'நாச்சிமுத்துக்குச் சீரோட சேத்து மச்சினனும் வந்துட்டான்'னு. எங்களுக்குன்னு பிள்ளை குட்டி இல்லீங்க. அத விடுங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்தா நேரா லேத்துக்குக் கீழ வந்து ஒக்காந்துக்குவான், சுருள் சுருளா விழற இரும்புத் தூள எடுத்து வெளையாடிட்டு. ஓட்டறதுன்னு வந்துட்டா அவனுக்குப் பயமே கெடையாது. நா கட்டுவேன், அவன் ஓட்டுவான். அவ்வளவுதான் எங்க பொழப்பு.

அதான் நானே ஒரு வேலை பண்ணுனேன். அந்தத் தடுப்ப அரத்துல தேச்சு எடுத்துட்டேன். விசைய இழுக்கவே வேண்டாம், லிவரு வெண்ணெயாட்டம் போகும். தை மாச மீட்டுக்குக் கொண்டு போனா, அங்க காரைச் செக் பண்ற ஆபீசர் வர்கீஸ்னு ஒருத்தரு. கோட்டயத்துக்காரரு, வெள்ளத் தொப்பி. உள்ள தலைய விட்டு லிவர ஒரு ஆட்டு ஆட்டுனாரு. 'நாச்சிமுத்து, ஸ்பிரிங் எவிடே?'ன்னாரு. 'சார், ஓட்டறவனுக்குக் கைக்கு அடக்கமா இருக்கட்டும்னு'ன்னு இழுத்தேன். 'ஆளு செத்துப் போகும், நாச்சிமுத்து. ஸ்பிரிங் இல்லாம ஞான் விடமாட்டேன்'னுட்டாரு. காரை ஏத்தி வூட்டுக்குக் கொண்டாந்தோம். அந்த வர்கீஸ் மேல எனக்கு அன்னிக்கு வந்த கோவம் இருக்குதே. ஆனா தப்பு என்ற மேல, ரூலு ரூலுதான்.

சரி, நாமளே செஞ்சுருவோம்னு உக்காந்தேன். இதுதான் அது, நீங்க பாக்கறது. முழுக்க என்ற கை வேலை. லிவரு நீளம் கூட்டுனேன், தள்ளறக்குப் பலம் கம்மியாப் போதும். விசைய ஒரு வெரலுக்குப் பதிலா நாலு வெரலும் படறாப்பல அகலமா வெச்சேன். கைப்பிடி இருக்குது பாருங்க, அது லோகு கை அச்சு. மெழுக உருக்கி அவனப் புடிக்கச் சொல்லி, அதுலருந்து வார்ப்பு எடுத்துச் செஞ்சது. அவன் கைய விட்டா ஒலகத்துல வேற எந்தக் கைக்கும் பொருந்தாது. சீவி, தேச்சு, பாலீஷ் போட்டு முடிக்க மாசம் ஒண்ணுக்கு மேல ஆயிருச்சு. மாட்டிப்போட்டு 'புடி மாப்ள'ன்னா, லூசா இருக்குதுங்க. கட்டை வெரலுக்குப் பக்கத்துல ஒரு வெரக்கடை எடம் சும்மா கெடக்குது. மெழுகு ஆறுறப்ப ஏதோ மாறிருச்சாட்ட இருக்குது. மெழுக நம்பவே கூடாதுங்க.

அப்ப லோகு சொன்னான், மெல்ல, 'மச்சான், லிவர்ல ஒண்ணும் தப்பில்லீங்க'ன்னு.

'அப்பறம் எதுலடா தப்பு?'ன்னேன். கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன் போல. அவன் என்னையவே பாத்தான். அப்பறம், 'இல்லீங்க, ஸ்பிரிங்காத்தான் இருக்குமுங்க'ன்னுட்டுத் தலையக் குனிஞ்சுட்டான். பாத்தீங்களா, அவனுக்கே தெரியுது.

பங்குனில இந்த லிவரோட போனோம். வர்கீஸ் வந்தாரு. விசைய இழுத்தாரு, விட்டாரு, டப்புனு மூடுச்சு. நியூட்ரல் சுவிட்ச பாத்தாரு. 'நாச்சிமுத்து, ஃபர்ஸ்ட் கிளாஸ்'னு என்ற முதுகுல ஒரு தட்டுத் தட்டுனாரு. எனக்குக் கண்ணே கலங்கிருச்சுங்க. ஸ்டிக்கர எடுத்துக் கையில வெச்சிருக்கறாரு, ஒட்டறதுதான் பாக்கி. அப்பப் பாத்து, 'லோகு, பெல்ட்டக் கழட்டிட்டு வெளிய வா, ஞான் பாக்கட்டும்'னாரு. அதுவும் ஒரு ரூலு. தீப்புடிச்சா ஓட்டறவன் தானா எறங்கி வரோணும், அவங்க வாட்ச் வெச்சுப் பாப்பாங்க.

இவன் கழட்டறான் கழட்டறான், பெல்ட்டு கழல மாட்டேங்குது. 'புது பெல்ட்டுங்க சார், கொஞ்சம் மக்கர் பண்ணும்'னு நா சொல்றேன். வர்கீஸ் வாட்ச பாக்கெட்டுல போட்டுட்டு, கீழ மண்ணுல முட்டி போட்டு, உள்ள கைய விட்டு அவரே கழட்டி விட்டாரு. அப்பறம் லோகு கையப் புடிச்சாரு. கட்டை வெரலுக்கும் ஆட்காட்டி வெரலுக்கும் நடுவுல அமுக்கிப் பாத்தாரு. அங்க குழி விழுந்திருக்குதுங்க. 'எத்தன நாளாச்சு மோனே?'ன்னு கேட்டாரு. லோகு அவரப் பாக்காம என்னையப் பாத்தான்.

அப்பறம் என்னையத் தனியாக் கூட்டிட்டுப் போயி, 'நாளைக்கே நரம்பு டாக்டர்கிட்டப் போகணும், நாச்சிமுத்து. கார் இருக்கட்டும்'னாரு. எனக்கு வந்துதே கோவம்! ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. காரைச் செக் பண்ற ஆளு காரைப் பாக்கோணுமா, ஆளப் பாக்கோணுமா? லிவரு ஃபர்ஸ்ட் கிளாஸ்னு அவரு வாயாலதான் சொன்னாரு. சொல்லிப்போட்டு ஸ்டிக்கரத் திரும்பப் பையில வெச்சுட்டுப் போறாரு. எந்த ரூல்ல இருக்குது அது? நா இன்னும் மறக்கல. அவருக்குப் பையன் எவனாச்சும் அந்தக் கிளாஸ்ல ஓட்டறானான்னு விசாரிச்சுட்டு இருக்கறேன்.

டாக்டர்கிட்டப் போனமுங்க, போகாம இல்ல. கலாமணி விடமாட்டேனுட்டா. ஊசியக் குத்திக் கரண்டு வெச்சு என்னென்னமோ பாத்தாங்க. முடிவு சொல்லக் கூப்புடறப்பப் பாத்து பெங்களூருலருந்து ஸ்பிரிங் கடைக்காரன் போனடிச்சுட்டான். ரொம்ப நாளா நா தேடிட்டு இருந்த ஆளு, விடமுடியுமா? வெளிய வந்து பேசிட்டுத் திரும்பிப் போறதுக்குள்ள இவங்க வந்துட்டாங்க. லோகு நேரா எறங்கிப் போயி ஆட்டோவுல ஒக்காந்துட்டான். 'என்னம்மிணி சொன்னாரு'ன்னேன். 'மருந்து இல்லைன்னுட்டாருங்க'ன்னா. நா சொன்னேன், 'மருந்து இல்லைனா சீக்கும் இல்லைன்னுதானே புள்ள அர்த்தம், அதுக்கேன் இப்பிடி நிக்கறே'ன்னு. அவ என்ற நெஞ்சு மேல மடேர் மடேர்னு அடிச்சாளுங்க. ஆஸ்பத்திரி வாசல்ல, அத்தன பேரு பாக்க. இத்தன வருசத்துல அவ என்ற மேல கைய ஓங்குனதில்ல.

அதான் இப்ப பெங்களூரு. அவளுக்கு அங்க பெரிய ஆஸ்பத்திரில இன்னொருக்கா காட்டோணும். எனக்கு அந்த ஸ்பிரிங் கடை. ஒரே பயணத்துல ரெண்டு வேலையும் முடிஞ்சிரும். அடுத்த ஆடில மீட்டு இருக்குதுங்க. லோகு ஓட்டியாகோணும். அவன் ஓட்டுனாத்தான் அவனுக்கு எல்லாம் சரியாகும். அவன் காரை விட்டு எறங்குனதுலருந்துதானே இப்பிடிக் கெடக்கறான்?

ஏனுங்க, நீங்க கொஞ்சம் இழுத்துப் பாக்கறீங்களா? நீங்க ஆபீஸ் வேலை பாக்கறவராட்ட இருக்குது, மெத்துன்னு கையி. உங்களுக்கு எப்பிடி இருக்குதுன்னு தெரிஞ்சா கடைக்காரங்கிட்ட சொல்லறக்கு ஆகும். இப்பிடிப் புடிங்க. பொருந்தாது, பரவால்ல. வெரல விசை மேல வெச்சு, ம், இழுங்க.

வந்துருச்சுங்களா? ஒத்த வெரல்லயா?

எங்க, இன்னொருக்கா இழுங்க. சுண்டு வெரல்ல இழுங்க பாக்கலாம்.

வருதுங்க. ஆமாங்க, வருது.

இழுக்கறாப்பலயே தெரியலீங்களா. தெரியாதுங்க. முந்தாநேத்துத்தான் இதுல ஸ்பிரிங் மாத்துனேன். பேனாவுக்குள்ள இருக்குமே, எழுதற பேனா, அந்த ஸ்பிரிங். அதுலயும் பாதிய வெட்டிப்போட்டுத்தான் வெச்சிருக்கறேன். நேத்து லோகு மடியில இத வெச்சு, 'இழு மாப்ள'ன்னேன். ரெண்டு கையையும் சேத்து வெச்சு இழுத்தான். நெத்தியில வேர்வை. நா கீழ ஒக்காந்து விசையவே பாத்துட்டு இருக்கறேன். மசுரளவு அசையலீங்க. 'சித்தெ பொறுங்க மச்சான்'ங்கறான். திரும்ப இழுக்கறான். 'சித்தெ பொறுங்க'ங்கறான்.

இதுக்கும் கீழ போனா ஸ்பிரிங்கே இல்லீங்க. ஸ்பிரிங் இல்லாம விடமாட்டாங்க. ஸ்பிரிங்னு ஒண்ணு இருந்தா அது துளியாவது எதுத்து நிக்கோணுமில்லீங்களா? எதுத்து நிக்கலைனா அதுக்குப் பேரு ஸ்பிரிங்கா? அந்தத் துளி கூட அவனால... நா என்ன பண்ணட்டும், சொல்லுங்க. நா அவனுக்கு எதச் செஞ்சு குடுக்கட்டும்? எனக்குத் தெரிஞ்சது இந்த வேலை ஒண்ணுதானுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க.

சேலம் வந்துருச்சாட்ட இருக்குது. டீக்கு நிறுத்தறான். அங்க பாருங்க, கலாமணி கை காட்டறா. லோகுவ எறக்கோணும். அவனுக்குப் படியில கால் ஊன வராதுங்க. கீழருந்து ஒருத்தரு இடுப்பப் புடிக்கோணும், மேலருந்து ஒருத்தரு கக்கத்துல கை குடுக்கோணும், ஒருத்தரு அவன் தலையத் தாங்கோணும். நாங்க ரெண்டே பேருதானுங்க. நீங்களும் ஒரு கை குடுக்கறீங்களா?

அய்யோ, அத எதுக்குத் துண்டுல சுத்திட்டு இருக்கறீங்க? சீட்டு மேல அப்பிடியே போட்டுட்டு வாங்க சாமி. ஆரு எடுப்பா அத? எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும். சட்டுனு வாங்க, அவ எந்திரிக்கப் பாக்கறா, அவ ஒருத்தியால அவனத் தாங்க முடியாதுங்க.